பழைய யந்திரமும் புதிய துபாஷியும்



பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பைக் கடந்து ஓசூர் சாலையில் தெற்கு நோக்கிச் சிறிது தூரம் சென்றால் பொம்மனஹள்ளி வருகிறது. தலைக்கு மேலே 2010-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற மேம்பாலச் சாலை. 2025 ஆகஸ்டு 10-ஆம் நாள் தொடங்கி வைக்கப்பெற்ற மெட்ரோ ரயிலின் மஞ்சள் தடம். அதே சாலையில் மேலும் சென்றால் எலெக்ட்ரானிக் சிட்டி. கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் 1978-இல் அதற்கு வித்திட்டது. அதற்கும் அப்பால் அத்திபெலே எல்லை. எல்லையைத் தாண்டினால் நம் ஓசூர். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம், வேலூர்ப் பகுதிகளிலிருந்து பிழைப்பு நாடி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல இந்தச் சாலையின் இரு மருங்கிலும் வாழ்கின்றன.

அத்தகைய குடும்பம் ஒன்றை நாம் மனக்கண்முன் கொண்டுவருவோம். வீட்டுப் பரணில் மூன்று பொருள்கள் கிடக்கின்றன. முதலாவது, மூத்த மகன் தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் படித்தபோது அரசு விலையின்றி வழங்கிய மடிக்கணினி. இரண்டாவது, தந்தை கணக்கராக வேலை பார்த்த பட்டறை மூடப்பட்டபோது எடுத்து வந்த பழைய கம்ப்யூட்டர். அதனோடு உள்ளங்கையில் அடங்கும் நாலைந்து நாடாப் பேழைகள். அப்பட்டறையில் வேலை செய்தோரின் சம்பளப் பட்டியலும் வைப்பு நிதிக் கணக்கும் அந்த நாடாக்களில்தான் உள்ளன. மூன்றாவது, காலஞ்சென்ற பாட்டனார் பேசிய ஒலிநாடா ஒன்று.

மடிக்கணினியைப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனால், “இது பழைய மாடல், இனிப் புதிய விண்டோஸ் ஏறாது” என்கிறார். நாடாப் பேழைகளைக் காட்டினாலோ, அவை என்னவென்றே அவருக்குத் தெரியவில்லை. ஆனால் தந்தைக்கும் அவருடன் உழைத்தவர்களுக்கும் அவை உயிரான பொருள்கள். இத்தனை ஆண்டு இந்தப் பட்டறையில் பணிபுரிந்தேன் என்று ஒருவர் மெய்ப்பிக்க வேண்டி வந்தால், காகிதம் அழிந்துபோன நிலையில், எஞ்சியிருக்கும் சான்று அதுவே.

யந்திரம் கெட்டுப் போகவில்லை. மின்சாரம் கொடுத்தால் விளக்கு எரிகிறது, சக்கரம் சுழல்கிறது. ஆயினும் உபயோகமில்லை என்கிறார்கள். இஃது எவ்வாறு நேர்கிறது? இதற்குப் பரிகாரம் உண்டா? இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள் இதுவே.

துபாஷியின் வேலை

கம்ப்யூட்டர் என்பது ஒரே யந்திரம் அன்று. பல யந்திரங்களின் கூட்டம். கணக்கிடும் செயலி ஒன்று, நினைவகம் ஒன்று, எழுத்தைக் காட்டும் திரை ஒன்று, அச்சிடும் பொறி ஒன்று, தகவலைச் சேமிக்கும் தட்டோ நாடாவோ மற்றொன்று. இவை அனைத்தையும் கட்டி மேய்க்கும் பொறுப்பு ஒரு தலைமை நிரலுக்கு உரியது. கடைத்தெருவில் ஆபரேட்டிங் சிஸ்டம் என்று வழங்கும் இதனை நாம் இயக்குதளம் என்று அழைக்கலாம். விண்டோஸ் என்பதும் லினக்ஸ் என்பதும் இயக்குதளங்களே.

இயக்குதளத்துக்கு ஒவ்வொரு சாதனத்தின் பாஷையும் இயல்பாகத் தெரியாது. ஒரு தொழிற்சாலையின் அச்சுப்பொறிக்கு ஒருவிதக் கட்டளை. வேறொரு தொழிற்சாலையின் பொறிக்கு வேறுவிதம். ஆகையால் இடையே ஒரு துபாஷி வேண்டியிருக்கிறது. புதுச்சேரியில் டூப்ளேக்ஸ் துரைக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையை நீங்கள் அறிவீர்கள். துரைக்குத் தமிழ் தெரியாது. வணிகர்களுக்குப் பிரெஞ்சு தெரியாது. இருவர் காரியமும் பிள்ளையவர்களால் நடந்தது. கம்ப்யூட்டரில் இவ்வேலையைச் செய்யும் சிறு நிரலைத் தொழிலில் டிரைவர் என்கிறார்கள்.

துரை மாறினால் துபாஷி என்ன ஆவார்? புதிய துரையின் வழக்கங்களை அவர் கற்றுக்கொள்ள வேண்டும். இல்லையேல் வேலை போய்விடும். இயக்குதளத்தின் புதிய பதிப்பு வரும்போதும் இதுவே நிகழ்கிறது. உட்புற அமைப்பு மாறியவுடன் பழைய டிரைவருக்குப் புதிய எஜமானனோடு பேசத் தெரிவதில்லை. சாதனம் பழுதற்று நிற்க, பேசுவாரின்றி ஊமையாகி விடுகிறது. பரண்மேல் கிடக்கும் பொருள்களின் நோய் பெரும்பாலும் இவ்வகையினதே.

இவ்விஷயத்தில் விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. விண்டோஸில் டிரைவரை எழுதித் தருவது பெரும்பாலும் சாதனத்தைச் செய்த கம்பெனியின் வேலை. பழைய பொருளுக்குப் புதிய டிரைவர் எழுதுவதில் கம்பெனிக்கு லாபம் இல்லை. புதிய பொருளை விற்பதிலேயே லாபம். மேலும், விண்டோஸ் 11 ஆனது 64 பிட் வகையில் மட்டுமே வருகிறது. 32 பிட் காலத்தில் எழுதிய டிரைவர்கள் அதில் வேலை செய்யா. நல்ல நிலையிலுள்ள அச்சுப்பொறிகளும் ஸ்கேனர்களும் குப்பைக்குப் போவதற்கு இது ஒரு பெரும் காரணம். லினக்ஸிலோ டிரைவர்களில் மிகப் பெரும்பாலானவை இயக்குதளத்தின் மூல நூலிலேயே சேர்ந்து வாழ்கின்றன. கரு மாறும்போது டிரைவரையும் உடன் திருத்துகிறார்கள். ஆனால் திருத்துவதற்கு ஆள் இருக்கும்வரையில்தான் அப்பாதுகாப்பு.

நாடாவின் வரலாறு

நாடாவைப்பற்றிச் சிறிது விரிவாகப் பேசுவோம். ஏனெனில் பழமையின் தொல்லையும் பெருமையும் நாடாவில்தான் தெளிவாகத் தெரிகின்றன.

1951-இல் வெளிவந்த யூனிவாக் கம்ப்யூட்டரில் உலோக நாடா உபயோகப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே ஐ.பி.எம். கம்பெனி, அரை அங்குல அகலமுள்ள பிளாஸ்டிக் நாடாவில் காந்தப் பொடி பூசி, தன் 726 என்னும் நாடாப்பொறியை வெளியிட்டது. அங்குலத்துக்கு 100 எழுத்துகள் அதில் பதிந்தன. 1964-இல் ஐ.பி.எம். 360 கம்ப்யூட்டரோடு ஒன்பது தடங்கள் கொண்ட நாடா வந்தது. 2400 அடி நீளமுள்ள பெரிய சுருள். பின்னாளில் அங்குலத்துக்கு 6250 எழுத்துகள்வரை அதில் பதிக்க இயன்றது. அறிவியல் கூடங்களும், வங்கிகளும், எண்ணெய் தேடும் நிறுவனங்களும் தங்கள் செல்வத்தையெல்லாம் அந்தச் சுருள்களில் வைத்திருந்தன. பெங்களூருக்கு 1985-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனி வந்து செயற்கைக்கோள் இணைப்பை ஏற்படுத்திக் கொள்ளும்வரை, நம் நாட்டில் எழுதிய நிரல்களை வெளிநாட்டுக்கு அனுப்பக் காந்த நாடாவைப் பெட்டியிலிட்டு விமானம் ஏற்றுவதே பெருவழக்காக இருந்தது.

நாடா செத்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. இன்றைய எல்.டி.ஓ. வகை நாடாவில், 2021-இல் வந்த ஒன்பதாம் தலைமுறைப் பேழை ஒன்று 18 டெராபைட் கொள்ளும். அந்நாளைய 2400 அடிச் சுருள்கள் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவற்றை ஒரே பேழையில் அடக்கிவிடலாம். அலமாரியில் வைத்த நாடா மின்சாரம் உண்பதில்லை. கம்ப்யூட்டரோடு இணைக்கப்படாதிருப்பதால் தவறான நிரலோ தீய நிரலோ அதைத் தொட முடியாது. 2011 பிப்ரவரியில் கூகுள் கம்பெனியின் மென்பொருளில் நேர்ந்த ஒரு பிழையால் ஜிமெயில் உபயோகிப்போரில் ஒரு சிறு பகுதியினரின் கடிதங்கள் மறைந்தன. தட்டுகளில் இருந்த பிரதிகள் யாவும் பிழைக்கு உட்பட்டுவிட, அவற்றை மீட்டுத் தந்தது நாடாவே.

இரு வகை நாடாப்பொறிகள்

பெரிய நிறுவனங்களின் நாடாப்பொறி ஒரு வகை. நம் பட்டறைக் கணக்கர் வைத்திருந்த சிறு பொறி வேறு வகை. இவ்விரண்டின் கதியும் வேறாக முடிந்ததில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது.

1986-இல் ஸ்கஸி என்னும் பொது விதி அமெரிக்காவில் தரமாக ஏற்கப்பட்டது. ‘அடுத்த தொகுதியைப் படி’, ‘தொடக்கத்துக்குச் சுற்று’, ‘இவ்விடத்தில் கோப்பு முடிகிறது என்று குறி’ என்பன போன்ற கட்டளைகளை எந்தக் கம்பெனியின் நாடாப்பொறியும் ஒரே விதமாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது அவ்விதி. மோட்டாரை எப்படிச் சுழற்றுவது, காந்த முனையை எங்கே வைப்பது என்பதெல்லாம் பொறியே பார்த்துக்கொள்ளும். ஆகவே ஒரே துபாஷி பல பொறிகளுக்குப் போதுமானவர் ஆனார். லினக்ஸில் அந்த ஒரு டிரைவர் இன்றும் இருக்கிறது. 1990-களின் ஸ்கஸி நாடாப்பொறியை அதற்குரிய அட்டையும் கம்பியும் கிடைத்தால் இன்றும் பேசவைக்க வாய்ப்பு உண்டு.

மற்ற வகையோ சிக்கனத்தின் குழந்தை. 1990-களில் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் சிறு அலுவலகத்துக்கும் மலிவான நாடாப்பொறி தேவைப்பட்டது. தனி அட்டை வாங்கச் செலவாகும். எனவே, எல்லாக் கம்ப்யூட்டரிலும் இருந்த பிளாப்பி தட்டின் கம்பியிலேயே நாடாப்பொறியையும் மாட்டிவிட்டார்கள். பிளாப்பி தட்டின் முனையை ஓரடி நகர்த்துவதற்கு ஒரு மின்துடிப்பு அனுப்புவது வழக்கம். அந்தத் துடிப்பையே இவர்கள் கட்டளையாக்கிக் கொண்டார்கள்! இத்தனை துடிப்பு வந்தால் நாடாவை முன்னே ஓட்டு, இத்தனை வந்தால் நிறுத்து என்று ஏற்பாடு. கதவைத் தட்டும் எண்ணிக்கையால் செய்தி சொல்வதுபோன்ற தந்திரம் இது. சாமர்த்தியமானதே. ஆனால் ஓடும் நாடாவைக் கவனித்துக் கொள்ளும் நுட்பமான வேலை பெரிதும் கம்ப்யூட்டரின் தலையிலும் டிரைவரின் தலையிலும் விழுந்தது.

லினக்ஸில் இதற்கென்று ஒரு டிரைவர் இருந்தது; எஃப்டேப் என்பது அதன் பெயர். காலம் சென்றது, பிளாப்பி தட்டே வழக்கொழிந்தது, டிரைவரைத் திருத்துவோர் இல்லாமற் போயினர். 2007 பிப்ரவரியில் வெளிவந்த 2.6.20 பதிப்பிலிருந்து அதனை நீக்கிவிட்டார்கள். விண்டோஸிலும் இதே கதை. எக்ஸ்.பி. பதிப்போடு வந்த காப்புப்பிரதி நிரலுக்கு நாடாவில் எழுதத் தெரியும். 2007-இல் வந்த விஸ்டாவில் அந்நிரல் இல்லை. பொதுமொழி பேசிய பொறி தப்பியது. தனக்கென ஒரு குழூஉக்குறி வைத்துக்கொண்ட பொறி, அதை அறிந்தவர் அகன்றவுடன் ஊமையாயிற்று.

ஐ.பி.எம். சென்ற பின்

பழைய யந்திரத்தை யார் பராமரிப்பது என்னும் கேள்வி நம் நாட்டுக்குப் புதிதன்று. 1960-களில் இந்தியாவில் மிகுதியாகப் பரவிய கம்ப்யூட்டர் ஐ.பி.எம். 1401 ஆகும். சென்னைப் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையிலும் அது வேலை பார்த்தது. மேனாடுகளில் அது பழையதாகிவிட்ட பின்பும் இங்கே உழைத்துக்கொண்டிருந்தது.

1973-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிச் சட்டப்படி, வெளிநாட்டுக் கம்பெனிகள் பல தங்கள் இந்தியக் கிளையின் பங்குகளை இந்தியர்களுக்கும் பகிர்ந்தளிக்க வேண்டியதாயிற்று. ஐ.பி.எம். அதற்கு இணங்காமல் 1978-இல் நாட்டைவிட்டு வெளியேறிற்று. ஆனால் நாடெங்கும் அதன் கம்ப்யூட்டர்கள் இருந்தன. ரயில்வேக்கும், இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும், ஆலைகளுக்கும் சம்பளப் பட்டியல் போட்டுக் கொடுத்தவை அவையே. அவை நின்றால் மாதச் சம்பளமே நின்றுவிடும்.

இந்நிலை வரக்கூடுமென்று எதிர்பார்த்தே இந்திய அரசு 1975-இல் கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன் என்னும் பொதுத்துறை நிறுவனத்தைத் தோற்றுவித்திருந்தது. சி.எம்.சி. என்று பிற்காலத்தில் பெயர் பெற்ற அந்நிறுவனம், 800-க்கும் மேற்பட்ட ஐ.பி.எம். நிலையங்களின் பராமரிப்பை ஏற்றுக்கொண்டது. செய்தவர் போன பின்னும் யந்திரத்தை ஓட்டலாம் என்பதை நம் பொறியாளர்கள் அன்று நிலைநாட்டினர். அதற்கு இன்றியமையாதவை மூன்று: யந்திரத்தின் விவரக் குறிப்பு, உதிரி பாகம், பயிற்சி பெற்ற ஆள். இவற்றில் ஒன்று குறைந்தாலும் காரியம் நடவாது. இன்று ஒரு பழைய டிரைவரைக் காப்பாற்றவும் இம்மூன்றுமே வேண்டும்.

ஐ.பி.எம். கம்பெனியே 1964-இல் இன்னொரு வழியையும் காட்டியிருந்தது. தன் புதிய 360 கம்ப்யூட்டர்களில் சிலவற்றை, வேண்டும்போது பழைய 1401 போலவே நடிக்கும்படி அமைத்தது. வாடிக்கைக்காரர்கள் பழைய நிரல்களைத் திரும்ப எழுதாமலே ஓட்டினார்கள். இதனை எமுலேஷன் என்பார்கள்; நாம் பாவனை என்று சொல்லலாம். இன்றும் அவ்வழியில், சென்னை ஐ.ஐ.டி.யில் 1973-இல் நிறுவப்பெற்ற ஐ.பி.எம். 370 இனத்துக் கம்ப்யூட்டரைச் சாதாரண மடிக்கணினிக்குள் பாவனையாக இயக்கும் இலவச நிரல்கள் கிடைக்கின்றன. ஒரு பெரிய கூடத்தை அடைத்து நின்ற யந்திரம் ஒரு கோப்பாகச் சுருங்கிவிட்டது.

ஏன் கைவிடுகிறார்கள்?

பழைய சாதனங்களைக் கைவிடுவது கம்பெனிகளின் பேராசை மட்டுமே என்று சொல்லிவிடுவது நியாயமாகாது. பேராசையும் உண்டு, வேறு காரணங்களும் உண்டு.

பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸை எழுதத் தொடங்கியது 386 செயலி கொண்ட கம்ப்யூட்டரில். லினக்ஸின் பிறந்தகமே அது. ஆயினும் 2012-ஆம் ஆண்டின் இறுதியில் அந்தச் செயலிக்கான ஆதரவை லினக்ஸிலிருந்து நீக்க முடிவு செய்தனர். 2013-இல் வந்த 3.8 பதிப்பு அதில் ஓடாது. காரணம் யாதெனில், 386-க்கென்று வைத்திருந்த தனி ஏற்பாடுகள் ஒவ்வொரு திருத்தத்தின்போதும் மற்றச் செயலிகளுக்கான வேலையைச் சிக்கலாக்கின. அதனை உபயோகிப்போரோ மிகச் சிலர். டெபியன் என்னும் புகழ்பெற்ற லினக்ஸ் தொகுப்பும், 2025 ஆகஸ்டில் வெளியிட்ட 13-ஆம் பதிப்பில், 32 பிட் தனிக் கம்ப்யூட்டர்களில் நிறுவுவதற்கான வசதியை நிறுத்திவிட்டது.

இரண்டாவது காரணம் சோதனை. திருத்திய டிரைவர் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க அந்தப் பழைய பொறி கையில் இருக்க வேண்டும். பொறி இல்லாமல் திருத்துவது, நோயாளியைப் பாராமல் மருந்து கொடுப்பதாகும். மூன்றாவது காரணம் பாதுகாப்பு. யாரும் கவனியாத பழைய நிரல், தாழிடாத பின்கதவு போன்றது. அதன் வழியே தீயோர் உட்புகக் கூடும்.

விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாள் முடிவடைந்தது. விண்டோஸ் 11-க்கோ டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிந்திய செயலியும் தேவை. இதனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எண்ணற்ற கம்ப்யூட்டர்கள் ஒரே நாளில் முதியோர் பட்டியலில் சேர்ந்துவிட்டன. பரண்மேலுள்ள மடிக்கணினியும் அவற்றுள் ஒன்று.

பொறியும் போய், நாடாவும் போனால்

டிரைவர் ஒருபுறம் இருக்க, நாடாவும் முதுமை அடைகிறது. காந்தப் பொடியை நாடாவோடு ஒட்டிவைக்கும் பசை, காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுப்பாகிவிடுவது உண்டு. 1970-களிலும் 1980-களிலும் செய்த நாடாக்கள் சிலவற்றில் இக்குறை மிகுதி. அந்நிலையில் பொறியிலிட்டு ஓட்டினால் பூச்சு உரிந்து முனையில் படிந்துவிடும். வல்லுநர்கள் அத்தகைய நாடாவை ஏறத்தாழ 54 டிகிரி சூட்டில் பல மணி நேரம் பதமாக உலர்த்தி, பசை தற்காலிகமாக இறுகியிருக்கும்போது பிரதி எடுத்துக்கொள்கிறார்கள். வீட்டில் நாமே செய்து பார்க்கத்தக்க காரியம் அன்று அது.

தலைமுறை இடைவெளி மற்றொரு தொல்லை. எல்.டி.ஓ. நாடாப்பொறிகள் ஏழாம் தலைமுறைவரை, தமக்கு முந்திய இரண்டு தலைமுறை நாடாக்களைப் படித்தன. 2017-இல் வந்த எட்டாம் தலைமுறை தனக்கு முந்திய ஒன்றை மட்டுமே படித்தது, ஒன்பதாவதும் அவ்வாறே. 2025-இல் வந்த பத்தாம் தலைமுறை தன் இன நாடாவைத் தவிர வேறெதையும் படிப்பதில்லை. பேரன் மொழி பாட்டனுக்கு விளங்காமற் போவதை ஒரே குடும்பத்தில் காண்கிறோம்.

இதன் விளைவை அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாஸாவே அனுபவித்தது. 1966, 1967 ஆண்டுகளில் ஐந்து விண்கலங்கள் சந்திரனைச் சுற்றிப் படமெடுத்து அனுப்பின. அப்படங்கள் சுமார் 1500 நாடாக்களில் இருந்தன. அவற்றைப் படிக்கவல்ல ஆம்பெக்ஸ் பொறிகளோ உலகில் அரிதாகிவிட்டன. நான்சி எவன்ஸ் என்னும் ஆவணக் காப்பாளர், குப்பைக்குப் போகவிருந்த அப்பொறிகளைத் தம் வீட்டு வண்டிக் கொட்டகையில் பல்லாண்டுகள் காத்து வைத்திருந்தார். பின்னர் டென்னிஸ் விங்கோ, கீத் கவ்விங் ஆகியோரின் குழு அவற்றைப் பழுதுபார்த்து, 2008-இல் சந்திரன் விளிம்பில் பூமி தோன்றும் 1966-ஆம் ஆண்டுப் படத்தை முன்னிலும் தெளிவாக மீட்டெடுத்தது. அவர்கள் பணிபுரிந்த இடம் கைவிடப்பட்ட ஓர் உணவு விடுதி! இதற்கு மாறாக, மனிதன் முதன்முதல் சந்திரனில் நடந்த அப்பல்லோ 11 பயணத்தின் மூலத் தகவல் நாடாக்கள் அழிக்கப்பட்டு மறுபடி உபயோகிக்கப்பட்டிருக்க வேண்டுமென்று நாஸா 2009-இல் அறிவித்தது. காப்பதற்கு ஒருவர் இருந்த இடத்தில் செல்வம் பிழைத்தது. இல்லாத இடத்தில் மறைந்தது.

நாடாவைப் படித்துவிட்டாலும் தமிழருக்கு இன்னொரு தடை காத்திருக்கிறது. யூனிகோடு பரவுவதற்குமுன் நம்மவர் பற்பல எழுத்துருக்களில் தமிழைத் தட்டச்சு செய்தனர். ஒவ்வொன்றிலும் எழுத்துக்குரிய எண் வெவ்வேறு. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் ஓர் ஒழுங்கு காண முயன்றது. ஆயினும் அக்காலத்துக் கோப்புகளைத் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றுவது உண்டு. கோப்பு இருக்கிறது, தமிழ் இல்லை! அதற்குரிய மாற்றி நிரலைக் கொண்டு யூனிகோடாக்கினால் எழுத்து மீளும்.

நாம் செய்யத்தக்கவை

இனி, பரண்மேலுள்ள மூன்று பொருள்களுக்கு வருவோம்.

மடிக்கணினியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. தமிழ்நாட்டு அரசு 2011 செப்டம்பர் 15 முதல் வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய இந்திய இயக்குதளம் அது. டெபியனை அடிப்படையாகக் கொண்டது. ஆகவே லினக்ஸ் அந்தப் பொறிக்கு அந்நியமன்று. முதலில் செயலி 64 பிட் வகையைச் சேர்ந்ததா என்று பாருங்கள். ஆம் எனில், எளிய லினக்ஸ் தொகுப்பு ஒன்றைப் பென் டிரைவில் ஏற்றி, எதையும் நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம். திரை, ஒலி, வைஃபை யாவும் சரியாக இருந்தால் பிறகு நிறுவலாம். இளைய பிள்ளையின் படிப்புக்கும், கடிதம் எழுதவும், இணையம் பார்க்கவும் அது போதும். நினைவகத்தைச் சிறிது கூட்டி, பழைய தட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. பொருத்தினால் வேகமும் கூடும்.

ஆதரவு முடிந்த பழைய விண்டோஸில்தான் ஒரு நிரல் ஓடுமென்றால், அந்தக் கம்ப்யூட்டரை இணையத்திலிருந்து பிரித்துவிட்டு அவ்வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். சிறு பட்டறைகளில் கடைசல் யந்திரங்களை ஓட்டும் பழைய கம்ப்யூட்டர்களுக்கும் இதுவே தக்க முறை. வங்கிக் கணக்கையோ ஆதார் விவரத்தையோ அத்தகைய பொறியில் ஒருநாளும் இடக் கூடாது.

நாடாப் பேழைகளைப் பொறுத்தவரை நான்கு விதிகள். முதலாவது, தெரியாத பொறியிலிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டாம். பேழைக்குள் ஓடும் ரப்பர் பட்டை முதுமையால் அறுந்திருக்கக் கூடும். இரண்டாவது, எழுதுவதைத் தடுக்கும் அமைப்பை இயங்கும் நிலையில் வைத்து, புது எழுத்து பழையதன்மேல் விழாதபடி காக்கவும். மூன்றாவது, பேழையோடு வந்த பழைய கம்ப்யூட்டரையும் நாடாப்பொறியையும் பிரித்து விற்றுவிட வேண்டாம். எழுதிய பொறியே படிப்பதற்கும் ஏற்றது. அதன் தட்டில் இருக்கும் பழைய இயக்குதளமே அந்த நாடாவின் பாஷையை அறிந்த துபாஷி. நான்காவது, தரவு மீட்கும் தொழிலாளரிடம் கொடுக்கும்போது, எந்த ஆண்டில், எந்த நிரலால், எந்தப் பொறியில் எழுதியது என்னும் குறிப்பையும் எழுதிக் கொடுங்கள். அந்த ஒரு துண்டுக் காகிதம் பல நாள் வேலையை மிச்சமாக்கும்.

பாட்டனாரின் குரலுக்கு மருந்து எளிது. ஒலிநாடாவை ஓட்டும் கருவிகள் இன்னும் கிடைக்கின்றன. அடிக்கடி போட்டுக் கேட்பதைவிட, ஒருமுறை கவனமாக ஓட்டிக் கம்ப்யூட்டர்க் கோப்பாகப் பதிந்துகொள்வது நலம். நம் வானொலி நிலையங்களும் தங்கள் பழைய ஒலிச்சுருள்களை இவ்வாறே புதிய வடிவுக்கு மாற்றி வந்திருக்கின்றன.

மீட்டெடுத்தவை எவையாயினும் மூன்று பிரதிகள் வேண்டும். இரண்டு வேறு வகைச் சாதனங்களில் வேண்டும். ஒன்று வேறு ஊரில் இருக்க வேண்டும். வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இதில் ஒரு வசதி உண்டு. வேறு ஊரைத் தேடி அலைய வேண்டியதில்லை. பொங்கலுக்கு ஊர் செல்லும்போது ஒரு பிரதியை அண்ணன் வீட்டுப் பெட்டியில் வைத்துவிட்டு வரலாம். அடுத்த பொங்கலில் அது திறக்கிறதா என்று பார்த்தும் விடலாம்.

உண்மையாகவே உபயோகமற்றுப் போன பொறிகளைத் தெருவில் எறிவதும் எரிப்பதும் தீது. அவற்றில் ஈயம் முதலான நச்சுப் பொருள்கள் உண்டு. 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பதே முறை. சேர்க்குமுன் தட்டிலுள்ள தகவலை அழித்துவிட வேண்டும்.

நேயர்களே! ஓலைச்சுவடிகள் நமக்கு எவ்வாறு வந்து சேர்ந்தன என்று சிந்தியுங்கள். ஓலைக்கும் ஆயுள் வரம்பு உண்டு. செல்லும் ஈரமும் அதை அரிக்கும். சங்க நூல் எழுதிய முதல் ஓலை ஒன்றேனும் இன்று இல்லை. தலைமுறைக்குத் தலைமுறை யாரோ ஒருவர் அமர்ந்து புதிய ஓலையில் பெயர்த்தெழுதியதால்தான் நூல்கள் பிழைத்தன. பெயர்த்தெழுதுவார் அற்ற சுவடிகள் ஆடிப்பெருக்கில் ஆற்றோடு போயின. எஞ்சியவற்றை ஊர் ஊராகத் தேடிச் சென்று அச்சேற்றி நமக்களித்தார் உ. வே. சாமிநாதையர், அவர் சீவக சிந்தாமணியை 1887-இல் பதிப்பித்தபோது நிகழ்ந்தது ஒரு சாதன மாற்றமே. ஓலையிலிருந்து காகிதம் என்பதும், நாடாவிலிருந்து தட்டு என்பதும் ஒரே பணிதான்.

எந்தப் பொறியும் நிலையானதன்று. எந்த இயக்குதளமும் என்றும் இருப்பதன்று. படிக்கும் பொறி ஒன்று உயிரோடிருக்கும்போதே பெயர்த்தெழுதி வைப்பது நம் கையில் இருக்கிறது. பொம்மனஹள்ளிப் பரணில் கிடக்கும் அந்த நாலைந்து பேழைகளில் எத்தனையோ தொழிலாளர்களின் உழைப்புக் கணக்கு உறங்குகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கிடைக்கும்போது பரணில் ஏறி, அவற்றை எடுத்துத் துடைத்து, மேலே ஆண்டும் விவரமும் எழுதி ஒட்டுங்கள். பாதுகாப்பின் முதற்படி அதுவே.